காலி

தாலினில் பனி இன்னும் முழுக்க உருகவில்லை.
கொப்லி ட்ராம் மணி அடிக்கிறது.
என் வலது கை தானாக எழுகிறது.

எங்கள் அலுவலகத்தில் ஒரு கப்பல் மணி இருந்தது.
பழைய மீன்பிடிப் படகிலிருந்து கழற்றியது என்பான் இந்த்ரெக்.
இணையத்தில் வாங்கியது. ரசீதைக் கணக்கில் ஏற்றியவள் நான்.
புது வாடிக்கையாளர் கிடைத்தால்
யாராவது அதை அடிக்க வேண்டும்,
மற்றவர்கள் எழுந்து கைதட்ட வேண்டும்.
நான்கு வருடத்தில் நூற்றுப் பன்னிரண்டு முறை அடித்திருக்கிறேன்.
எண்ணி வைத்திருக்கிறேனே,
அதுதான் வெட்கம்.

நாங்கள் விற்றது இது:
பால்டிக் கடலில் போகும் சரக்குப் பெட்டகங்களில்
எங்கே எவ்வளவு இடம் காலி என்று சொல்லும் செயலி.
அரைப் பெட்டகம், கால் பெட்டகம்,
இரண்டு சோபாக்களுக்கு நடுவே ஒரு சைக்கிள் அகலம்.
காலியைப் பார்த்தால் கை அரிக்கும்.
நிரப்பிவிடுவோம்.

என் நாட்காட்டியையும் அப்படித்தான்.
காலை எட்டே முக்காலுக்கு நின்றபடி ஒரு கூட்டம்,
நின்றால் சீக்கிரம் முடியுமாம்.
ஒன்பதரைக்கு முழங்கால் வலிக்கும்.
மூன்றாம் மாடியில் சொந்தமாக ஒரு சவுனா.
வெள்ளி மாலை துண்டோடு உட்கார்ந்தால்
யாராவது சூட்டுக் கல்லில் தண்ணீர் ஊற்றி
ஆவி அடங்கும் முன்
அந்த ரிகா ஒப்பந்தம் என்ன ஆச்சு என்பார்கள்.
வியர்வைக்குள் இன்னொரு வியர்வை.

நாம் ஒரு குடும்பம், என்பான் இந்த்ரெக்.
முழுப் பொய்யில்லை.
அப்பா செத்த வாரம் கல்லறைக்கு வந்தான்,
மூன்று பிடி மண் போட்டான்.
யானிகா என் பூனைக்கு மீன் வேகவைத்துக் கொடுத்தாள்.
சௌகரியமாக வெறுக்கக்கூட விடாத மனிதர்கள்.

விலகிய அன்று எல்லோருக்கும் ஒரு கடிதம்
தட்டிக்கொண்டிருந்தேன்.
'உங்கள் எல்லோரையும்' வரை வந்தேன்.
ஐந்து மணி மூன்று நிமிடத்துக்குக் கணக்கு அணைந்தது.
அந்த விதியை எழுதியவளும் நான்தான்,
போன வருடம், பாதுகாப்புக்காக.
செயப்படுபொருளோடு நின்றுபோன வாக்கியம்.
வினைச்சொல் என்னவாக இருந்திருக்கும் என்று
எனக்கே இப்போது நிச்சயமில்லை.

இது பதினோராவது வாரம்.
முதல் மூன்று வாரம் தூங்கினேன், அடிபட்ட மாடு மாதிரி.
நான்காவதில் ஓய்வுக்கு ஒரு அட்டவணை போட்டேன்:
நடை, நீச்சல், கம்பு ரொட்டி, ஃபின்னிஷ் மொழி.
செவ்வாய்க்கிழமை உட்கார்ந்து பரிசீலித்ததில்
ரொட்டியில் பின்தங்கியிருப்பது தெரிந்தது.
காரணம் கேட்டேன்.
காரணம் சொன்னேன்.
இருவரில் யாரை வீட்டுக்கு அனுப்புவது?

எதிர்வீட்டு லியுத்மிலாவுக்குத் துறைமுகத்தில் இரவுப்பணி.
இடைவேளை எடுத்திருக்கிறேன் என்றேன்.
எத்தனை நிமிடம், என்றாள்.
கிண்டலா தெரியவில்லை.
அவளுக்குப் பதினைந்து, ஒரு சிகரெட்டோடு.
அக்டோபர் வரை பணம் இருக்கிறது என்பதை
அவளிடம் சொல்லவில்லை.

நேற்று பல் மருத்துவமனையில் ஒரு படிவம்.
தொழில் என்ற கட்டத்தைத் தாண்டிப் போனேன்.
திரை சிவந்தது:
இந்த இடம் காலியாக இருக்கக் கூடாது.
ஏதாவது போடுங்க, யாரும் படிக்கிறதில்ல
என்றான் வரவேற்பில் இருந்த பையன்.
ஒரு புள்ளி வைத்தேன்.
ஏற்றுக்கொண்டது.

நிறுத்தத்திலிருந்து பார்த்தால் விரிகுடா.
ஒரு சரக்குக் கப்பல் மெதுவாக நகர்கிறது.
அந்த மாடி மாடியான பெட்டகங்களில்
மார்ச் மாதத்தில் எத்தனை பங்கு வெறும் காற்று என்று
எனக்குத் தெரியும்.
யாரும் கேட்கவில்லை.
போகட்டும், காற்றும் ஊர் பார்க்கட்டும்.

மறுபடி மணி. மறுபடி கை.
ட்ராமுக்குள்ளிருந்து நீலத் தொப்பிச் சிறுமி ஒருத்தி
எனக்குப் பதில் கையசைக்கிறாள்.
இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல்
கொஞ்ச நேரம்
அப்படியே வைத்திருக்கிறேன்.